நீக்குவதற்கு முன் அவளுடைய ஒப்பந்தத்தைப் படியுங்கள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

அழகிப் போட்டிக்குப் பெயர் கொடுத்த கல்லூரி மாணவிகளை ஞாயிறு பள்ளி ஆசிரியப் பணியிலிருந்தும் பாடகர் குழுவிலிருந்தும் விலக்கிவைப்பதாகச் சில சபைக் குழுக்கள் முடிவெடுத்திருக்கின்றன. சில சபைகளில் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சில சபைகளில் "கொஞ்ச நாள் பின்னால உட்காரும்மா" என்ற ஒரு வார்த்தையோடு காரியம் முடிந்துவிட்டது. இரண்டையும் எங்களால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாணவர் ஜெபக்குழுக்களிலும் போட்டிக்கான தயாரிப்பு அறைகளிலும் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். படிவம் நிரப்புவதிலிருந்து கவுனுக்கு உள்துணி தைப்பதுவரை கூடவே இருக்கிறோம். சபையின் அதிகாரத்தை மறுக்க இந்த மடலை எழுதவில்லை. இந்தப் போட்டிகள் உள்ளே எப்படி நடக்கின்றன, ஒரு விசுவாசி மாணவி எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பதை யாரும் உங்களுக்கு விவரமாகச் சொல்லவில்லை என்று உங்கள் தீர்மானத்தின் வாசகத்திலேயே தெரிகிறது. அதில் பேசப்படுவது உடையும் மேடையும் மட்டுமே. அவளுக்கு உண்மையாகவே ஆபத்து வருகிற இடங்கள் வேறு. அங்கே சபை அவளோடு நின்றாக வேண்டும். இந்த முடிவோ அவளை அந்த நேரத்தில்தான் தனியாக விடுகிறது.

முதலில் வேதத்தை எடுத்துக்கொள்வோம். மாணவிகள் சார்பாகப் பேசுகிறவர்கள் வழக்கமாக, ராஜா தனக்கு ராணியைத் தேடியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட எஸ்தரைச் சொல்வார்கள். அந்த வாதத்தை நாங்கள் சொல்லப்போவதில்லை. எஸ்தர் பெயர் கொடுத்துப் போனவள் அல்ல, அரமனைக்குக் கொண்டுபோகப்பட்டவள். வெள்ளைப்போளத் தைலத்தால் ஆறு மாதம், சுகந்தவர்க்கங்களால் ஆறு மாதம் என்று நடந்த அந்தப் பன்னிரண்டு மாதச் சுத்திகரிப்பில் அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அதை இன்றைய போட்டியோடு ஒப்பிடுவது எஸ்தருக்கே நியாயமில்லை.

தானியேலின் முதல் அதிகாரத்தைப் படியுங்கள். மாசில்லாத, அழகான, கல்வியில் நிபுணரான வாலிபரைக் கொண்டுவரச் சொல்கிறான் ராஜா. மூன்று வருஷப் படிப்பு. முடிவில் ராஜாவே அவர்களோடு பேசித் தேர்ந்தெடுக்கிறான். தோற்றமும் கல்வியும் நேர்காணலும் ஒரே இடத்தில் சேர்ந்த தேர்வு அது. சிறைப்பட்டுப் போனவன் தானியேல், ஆகவே அவனும் விரும்பிப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போனபின் அவன் நடந்துகொண்ட முறையில் மாணவிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான், தனக்கு இட்ட புதுப் பெயரையும் பொறுத்துக்கொண்டான். ராஜாவின் போஜனம் என்ற ஒரு காரியத்தில் மட்டும் முன்கூட்டியே இருதயத்தில் தீர்மானம் பண்ணிக்கொண்டு, அதிகாரியிடம் போய் வேண்டிக்கொண்டான். அதிகாரி பயந்தபோது சண்டை போடவில்லை. தங்களை விசாரிக்க வைக்கப்பட்டிருந்த மேல்ஷாரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கால அளவோடு கேட்டான். எதில் விட்டுக்கொடுப்பது, எதில் முடியாது என்று முன்பே முடிவு செய்வது. பொறுப்பில் இருப்பவரிடம் மரியாதையாக, குறிப்பாகக் கேட்பது. நாங்கள் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான்.

உங்களில் பலர் 1 பேதுரு 3:3ஐக் காட்டுகிறீர்கள். மயிரைப் பின்னுவதும் பொன்னாபரணமும் உயர்ந்த வஸ்திரமும் ஒரு ஸ்திரீயின் அலங்காரமாக இருக்கக் கூடாது என்ற வசனம். வசனத்தோடு எங்களுக்கு வழக்கு இல்லை. அதே அதிகாரத்தில் பன்னிரண்டு வசனம் தள்ளி, உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றும் இருக்கிறது. பெரும்பாலான போட்டிகளில் மூடிய அறை நேர்காணல் என்று ஒரு சுற்று உண்டு. மிஸ் அமெரிக்கா போட்டியில் அது வழக்கமாகப் பத்து நிமிடம். முன்பின் அறிமுகமில்லாத நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்து, நீ யார், எதை நம்புகிறாய் என்று விசாரிக்கிற பத்து நிமிடம்.

இந்த நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு நேராக அடிப்பது இதைத்தான்.

நடுவர்கள் கேள்விகளைப் பெரும்பாலும் தாங்களாக யோசித்துக்கொண்டு வருவதில்லை. போட்டியாளர் முன்னதாக அனுப்பிய விவரத்தாள் அவர்கள் கையில் இருக்கும். அதிலிருந்துதான் கேள்வி பிறக்கும். ஆகவே விசுவாசத்தைப் பற்றிப் பேச விரும்புகிற மாணவி அதற்கான கதவைத் தாளில் திறந்துவைக்க வேண்டும். "எனக்குக் கடவுள்தான் எல்லாம்" என்று எழுதினால் நடுவர் மரியாதையாக அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதில் கேட்க ஒன்றும் இல்லை. "எட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மூன்று வருடமாக ஞாயிறுதோறும் பாடம் எடுக்கிறேன்" என்று எழுதினால் கட்டாயம் கேட்பார். எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கஷ்டமான கேள்வி எது, வகுப்பில் அடம்பிடிக்கிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பாய், வாரக் கடைசியைக் கொடுத்துவிட்டுப் படிப்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று நீளும். மூன்றாவது கேள்விக்குள் கிறிஸ்துவின் பெயர் இயல்பாக வந்துவிடும். திணித்ததாக யாருக்கும் தோன்றாது.

மூப்பர்களே, அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பணியிலிருந்து நீக்கப்பட்டவள் அதை எழுதினால் பொய் ஆகிறது. எழுதாவிட்டால் அவள் சாட்சி சொல்லக் கிடைத்த வாசல் அடைபடுகிறது.

மேடைக் கேள்வி இன்னும் கடினம். பதிலுக்குப் பெரும்பாலும் அரை நிமிடம்தான் கிடைக்கும். நிதானமாகப் பேசினால் சுமார் ஐம்பது சொற்கள். இங்கே விசுவாசி மாணவிகள் செய்கிற தவறு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மனப்பாட வசனத்தில் தொடங்குவார்கள். வசனம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். கேட்டவர்களுக்கு அவள் கேள்வியைத் தட்டிக்கழித்ததாகத்தான் படும். இன்னொரு தவறு, சபைக்குள் மட்டுமே புழங்குகிற சொற்களில் பேசுவது. "பாரம்", "அபிஷேகம்", "கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்" என்பதெல்லாம் நமக்குப் புரியும், அரங்கில் பாதிப் பேருக்குப் புரியாது. நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முறை இது: முதல் வாக்கியத்தில் கேள்விக்கு நேர்ப் பதில், இரண்டாவதில் அப்படி நினைப்பதற்குக் காரணமான நம்பிக்கை, மூன்றாவதில் அதனால் தான் செய்கிற ஒரு செயல். கடிகாரம் வைத்து, இருபது முப்பது கேள்விகளில் பழக வேண்டும். சங்கடமான கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "தோற்றத்துக்கு மதிப்பெண் போடும் இடத்தில் உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி வரும். உங்கள் பிரசங்க மேடையிலிருந்து வருவதற்கு முன்பே நடுவரிடமிருந்து வந்துவிடும். அதற்கு அவள் உங்களோடு உட்கார்ந்து பதில் தேடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சுருக்கமாக, கூசாமல் சொல்ல முடியும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1964 செப்டம்பரில், 1965ஆம் ஆண்டுக்கான மிஸ் அமெரிக்கா பட்டத்தை வென்ற வோண்டா கே வான் டைக், பொம்மையைப் பேசவைக்கும் கலையைத் திறமைச் சுற்றில் காட்டிய கல்லூரி மாணவி. கூடவே வைத்திருக்கும் வேதாகமம் அதிர்ஷ்டத்துக்காகவா என்று மேடையில் கேட்கப்பட்டபோது, அப்படி இல்லை, தன்னிடம் இருப்பதிலேயே முக்கியமான புத்தகம் அதுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். தொகுப்பாளர் போட்ட தவறான அடைமொழியைத் திருத்தி, உண்மையைச் சொல்லி, நிறுத்திக்கொண்டார். நேரமும் மிச்சம்.

உடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மழுப்பியதாக நினைப்பீர்கள். எல்லை எது என்பதைத் துணிக்கடையிலோ அளவு பார்க்கும் அறையிலோ முடிவு செய்யக் கூடாது. அங்கே கண்ணாடியும் பயிற்சியாளரும் நேர நெருக்கடியும் சேர்ந்து அவளுக்காக முடிவெடுத்துவிடும். முன்கூட்டியே வீட்டில், தாயோடோ நம்புகிற ஒரு அக்காவோடோ உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குனிந்து, கைகளைத் தூக்கி, படி ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து விளக்கு அடித்தால் மெல்லிய துணி ஊடுருவித் தெரியும். வீட்டு வெளிச்சத்தில் அது தெரியாது. ஆகவே பின்விளக்கிலும் கேமரா ஃபிளாஷிலும் ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். இருபக்க ஒட்டு நாடா வியர்வையில் விட்டுவிடும், அதை நம்பி மேடையேறக் கூடாது. உள்துணியும் கொக்கியும் தைத்துவிடுவதே வழி.

நீச்சலுடைச் சுற்று எல்லாப் போட்டிகளிலும் இல்லை. மிஸ் வேர்ல்ட் அமைப்பு அதைக் கைவிடுவதாக 2014இல் அறிவித்தது, மிஸ் அமெரிக்கா 2018இல் அறிவித்தது. மிஸ் யூனிவர்ஸில் இன்னும் இருக்கிறது. அந்தப் போட்டி பிறந்ததற்குப் பின்னாலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்காவான யோலண்ட் பெட்பீஸ், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவர், பட்டம் வென்றபின் நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நிற்க மாட்டேன் என்றார். நீச்சலுடை தயாரித்த கேட்டலினா நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டு, 1952இல் மிஸ் யூஎஸ்ஏ, மிஸ் யூனிவர்ஸ் போட்டிகளைத் தொடங்கியது. பெட்பீஸின் பட்டம் பறிபோகவில்லை. 2016இல் மிஸ் மினசோட்டா யூஎஸ்ஏ போட்டியில் ஹலிமா ஏடன் என்ற முஸ்லிம் மாணவி ஹிஜாபோடு நின்றார், நீச்சலுடைச் சுற்றில் முழு உடலை மூடும் புர்கினி அணிந்தார், அரையிறுதிவரை வந்தார். விதிகளில் எதற்கு இடம் இருக்கிறது என்று விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கட்டணம் கட்டியபின் கேட்டால் பணத்தை விட மனமில்லாமல் எல்லை நகர ஆரம்பித்துவிடும்.

இனி ஒப்பந்தம். எங்கள் அனுபவத்தில் மாணவிகளின் மனச்சாட்சியை நெருக்கியது கவுனைவிட இதுதான். பல இடங்களில் ஒப்பந்தத்தைப் பதிவு நாளன்று நீட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், பேனா கையில் இருக்கும், நகல் கிடைக்காது. பத்தொன்பது வயதுப் பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். அதற்குள் இருக்கக்கூடியவற்றைச் சொல்கிறோம். அவளுடைய படத்தை எந்த ஊடகத்திலும் எத்தனை காலத்துக்கும் பயன்படுத்தும் உரிமை. வென்றால் ஒரு வருடம் அமைப்பு சொல்லும் நிகழ்ச்சிகளுக்கு வர வேண்டிய கடமை. விளம்பரதாரர்களின் பொருள்களை முன்னிறுத்த வேண்டிய கடமை. அதில் மதுபான நிறுவனமும் சூதாட்டச் செயலியும் இருக்கலாம். சமூக ஊடகப் பதிவுகளுக்கு முன் அனுமதி, அதில் வேத வசனம் பகிர்வதும் அடங்கலாம். இடையில் விலகினால் அபராதம். அனுமதியில்லாத இடத்துக்குக் கிரீடமும் பட்டையும் அணிந்து போகக் கூடாது என்ற தடை. சபையும் அந்த "அனுமதியில்லாத இடம்" ஆகலாம்.

செய்ய வேண்டியது கடினமில்லை. குறைந்தது ஏழு நாள் முன்னால் நகல் கேட்க வேண்டும். விளம்பரதாரர் பட்டியல் கேட்க வேண்டும். மனச்சாட்சிக்கு ஒவ்வாத பொருளை விளம்பரப்படுத்த மறுக்கும் உரிமை என்று ஒரு வரி சேர்க்கக் கேட்க வேண்டும். பட உரிமைக்குக் கால வரம்பு கேட்க வேண்டும். தேர்வு வாரங்களில் நிகழ்ச்சி கிடையாது என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். உதவித்தொகை என்று அறிவித்திருந்தால் அது பணமா, குறிப்பிட்ட ஒரு கல்லூரியின் கட்டணச் சலுகையா, எந்தத் தேதிக்குள் கோர வேண்டும், எந்தச் சான்று வேண்டும் என்று பார்க்க வேண்டும். வேறு கல்லூரியில் படிக்கிறவளுக்கு அந்தச் சலுகையால் ஒரு பயனும் இல்லை. அதை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களும் உண்டு. இதையெல்லாம் பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாகக் கேட்கத் தயங்குவாள். உங்கள் சபையில் வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார். சபைக் கட்டடத்தின் பத்திரங்களைப் படித்துக் கொடுக்கிற அவர்கள் இதற்கும் ஒரு மணி நேரம் கொடுக்க முடியும்.

மிஸ் அமெரிக்கா போட்டியில் உதவித்தொகை முதன்முதலாக வழங்கப்பட்ட 1945இல் அதை வென்றவர் பெஸ் மையர்சன் என்ற யூதப் பெண். யூதப் பெயராகத் தெரியாதபடி மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். தன் மக்களை மறைக்காமலே வென்றார். நம் பிள்ளைகளிடமும் "உன் தாளில் சபையைப் பற்றி எழுதாதே, நடுவருக்குப் பிடிக்காது" என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அதை எதிர்த்து நிற்க அவளுக்கு ஒரு சபை வேண்டும்.

அடுத்ததை எழுதுவது எங்களுக்கே வலிக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். உபவாசம்.

எடை குறைக்கச் சாப்பாட்டைத் தவிர்க்கிற பிள்ளை வெளியில் "உபவாசம்" என்று சொல்கிறாள். சபையில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை, பாராட்டுகிறார்கள். உணவுக் கோளாறு மறைந்துகொள்ள இதைவிட வசதியான இடம் இல்லை. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. உண்மையான உபவாசத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, ஜெபக் காரணம் உண்டு, பொறுப்பான ஒருவருக்காவது அது தெரியும், முடிந்ததும் சந்தோஷமாகச் சாப்பிடுவாள். மற்றதில் முடிவு தேதி தள்ளிக்கொண்டே போகும், காலையில் எடை பார்ப்பாள், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பாள், ஒரு வேளை சாப்பிட்டதற்குக் குற்றம் செய்தவள்போல் அழுவாள். எப்போதும் குளிர்கிறது என்பாள், முடி கொட்டும், எழும்போது தலைசுற்றும். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். போதிய உணவில்லாமல் மாதவிடாய் நின்றால் எலும்பின் வலுவும் குறைந்துகொண்டு வரும். இருபது வயதில் இழந்தது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஜெபத்தோடு கூட மருத்துவமும் வேண்டும்.

போட்டிக்கு முந்தின எட்டு வாரம் உணவு உபவாசம் வேண்டாம் என்பது நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு. உபவாசிக்க விரும்பினால் இன்ஸ்டாகிராமை விடட்டும், தன் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை விடட்டும். இதே ஒழுங்கை ஒரு போதகர் சொன்னால் எங்கள் சொல்லைவிடப் பத்து மடங்கு எடுபடும். பின்வரிசைக்கு அனுப்பப்பட்டவள் போதகரிடம் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அடுத்த சிக்கல். இறுதிச் சுற்று வாரக் கடைசியில் வைத்தால் ஞாயிறு காலை ஒத்திகை இருக்கும். போட்டி வாரத்தில் போட்டியாளர்கள் வெளியே போகத் தடை இருக்கும், சில இடங்களில் கைபேசியும் கையில் இருக்காது. முந்தின இரவு போய் "நாளைக்கு ஆராதனைக்குப் போகணும்" என்றால் மறுக்கத்தான் செய்வார்கள். அவர்கள் நிலையில் யாரும் மறுப்பார்கள். ஆறு வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். அதிலும் பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது. "ஞாயிறு காலை 7 முதல் 8.30 வரை, 90 நிமிடம், உங்கள் பொறுப்பாளர் ஒருவர் துணையோடு, தவறும் ஒத்திகையை அதிகாலையிலோ இரவிலோ செய்து முடிக்கிறேன்" என்று எழுதினால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மேல்ஷாரிடம் கேட்கப்பட்ட பத்து நாளும் இந்த மாதிரிதான்.

நீங்கள் பிரசங்கத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். அவர் அதைக் கடைசி நாளில் சொல்லவில்லை என்பதைச் சொல்லத் தவறிவிடுகிறோம். மாதக்கணக்கில் முன்பே தெரிவித்துவிட்டு 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார், 47.6 விநாடியில் தங்கம் வென்றார். ஓட்டக்காரருக்கும் அது புகழும் பதக்கமும் உள்ள மேடைதான். அவரைச் சபை கொண்டாடுகிறது. அதே மனச்சாட்சியோடு ஒத்திகை நேரத்தை மாற்றித் தரக் கேட்டு மனு எழுதுகிற மாணவியையும் அதே கண்ணோடு பாருங்கள்.

மனு மறுக்கப்பட்டால்? நோயாளிகளுக்கு வீடு தேடிப் போய்த் திருவிருந்து கொடுக்கிறீர்கள். தங்குமிடத்தின் வரவேற்பறைக்கு ஒரு மூப்பரும் அவர் மனைவியும் வந்து, ஒரு வசனம் வாசித்து ஜெபித்துவிட்டுப் போக அரை மணி நேரம் போதும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செமஸ்டர் அட்டவணையையும் போட்டி அட்டவணையையும் ஒரே தாளில் எழுதி, தேர்வுக்கு முந்தின மூன்று வாரத்தில் இறுதிச் சுற்று விழுந்தால் அந்த வருடம் போக வேண்டாம் என்கிறோம். போகாத வகுப்புக்கு வருகை பதியச் சொல்லித் தோழியிடம் கேட்பதும் பொய்தான். விசுவாசம் முதலில் தெரிய வேண்டிய இடம் வகுப்பறை.

மேடைக்குப் பின்னால் ஜெபிப்பதிலும் கவனம் வேண்டும். உடை மாற்றும் அறையில் எல்லாரையும் கைகோக்கச் சொல்லி உரக்க ஜெபித்தால், வேறு நம்பிக்கையுள்ள பெண் அரைகுறை உடையில் வெளியேறவும் முடியாமல் நிற்பாள். நடைக்கூடத்தின் ஓரத்தில், "ஜெபிக்கப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று சொன்னால் போதும். அறுந்த கொக்கிக்கு ஊசி நூல் கொடுத்தவளிடம், எதிரிக்கும் ஏன் உதவுகிறாய் என்று கேட்டுவிட்டு விசுவாசத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே சபையிடம் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. விலக்கிவைத்த அதே மாணவி வென்றுவிட்டால், வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். கிரீடத்தோடு வரச் சொல்கிறார்கள். தோற்றுப்போனவளிடம், "தேவ சித்தம் இல்லை, அதான் கைவிட்டார்" என்கிறார்கள். இரண்டும் அவளுக்கு ஒரே பாடத்தைச் சொல்லித்தருகின்றன: கர்த்தர் நடுவர்களின் மதிப்பெண் வழியாகத்தான் பேசுகிறார் என்று. மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று 1 சாமுவேல் 16இல் படித்த பிள்ளைக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா? சாட்சி சொல்லக் கூப்பிடுவதானால் தோற்றவளையும் கூப்பிடுங்கள். அரங்கு காலியானபின் வென்றவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்தவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

எல்லாப் போட்டிக்கும் போகலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒப்பந்த நகல் தராத போட்டி, பணம் கட்டினால் பட்டம் உறுதி என்கிற போட்டி, தேர்வுக்கு முன்பே அரைகுறை உடைப் படங்களைக் கைபேசியில் அனுப்பச் சொல்கிற போட்டி, நடுவரோ விளம்பரதாரரோ மாணவியைத் தனியாகச் சந்திக்கக் கேட்கிற போட்டி, ஓட்டல் அறையில் துணையில்லாமல் ஃபோட்டோ ஷூட் வைக்கிற போட்டி, உடை மாற்றும் அறைக்குள் ஆண்களையும் கைபேசிகளையும் அனுமதிக்கிற போட்டி. இவற்றுக்கு ஒரு விசுவாசியும் போகக் கூடாது, வேறு எந்தப் பெண்ணும் போகக் கூடாது. நீங்கள் தடை விதிக்க வேண்டியது இங்கே. எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் அடைத்ததால், நல்ல போட்டிக்கும் கெட்ட போட்டிக்கும் வித்தியாசம் கேட்க உங்களிடம் வரவேண்டியவள் ஒளித்துவைத்துப் போகிறாள். சொல்லாமல் போகிறவளுக்குத் துணையும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

விலக்கிவைக்கும் முடிவை அடுத்த குழுக் கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். அந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தப்பட்ட மாணவியையும், அவள் விரும்பினால் அவள் தாயையும் அழையுங்கள். அவள் பேசுவதைக் கேட்காமல் இன்னொரு தீர்மானம் எழுதாதீர்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் முதிர்ந்த சகோதரிகள் இருவரைத் துணையாக நியமியுங்கள். ஒருவர் உடைக்கும் ஃபோட்டோ ஷூட்டுக்கும் ஒத்திகைக்கும் கூடப் போகட்டும். மற்றவர் அவளுடைய சாப்பாடு, தூக்கம், மனநிலை பற்றி வாரம் ஒருமுறை விசாரிக்கட்டும். மருத்துவத் துறையில் இருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சபையிலுள்ள வழக்கறிஞர் ஒருவரும் கணக்காளர் ஒருவரும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துத் தர ஏற்பாடு செய்யுங்கள். மேலே சொன்ன ஆபத்தான போட்டிகளின் அடையாளங்களைத் தாளில் அச்சிட்டு வாலிபர் கூட்டத்தில் கொடுங்கள்.

ஞாயிறு அனுமதி கேட்கும் மனுவோடு போதகரின் கடிதம் ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். சபையின் பெயர் தாங்கிய ஒரு தாள் அமைப்பாளரிடம் மிகவும் எடுபடும்.

முடிவு அறிவிக்கப்படும் இரவில், ஜெயத்துக்காக மட்டும் ஜெபிக்காதீர்கள். அங்கே நிற்கும் எல்லாப் பெண்களுக்காகவும் ஜெபியுங்கள். மறுநாள் காலை அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவள் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும்.

இன்னும் ஒன்று. அவளுடைய ஞாயிறு பள்ளி வகுப்புப் பிள்ளைகளுக்கு, அக்கா ஏன் வரவில்லை என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. அவளைத் திரும்ப அந்த வகுப்புக்கு அனுப்பும் ஞாயிறன்று, மூப்பர்களில் ஒருவர் அவளோடு கூட உள்ளே போய், பிள்ளைகள் முன்னால் அவள் கையில் பாடப்புத்தகத்தைக் கொடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
மாணவிகளோடு பணி செய்கிறவர்கள்